ஆறாவது இடம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக்கிடக்கிற
ராத்திரி பதினொன்றரைக்கு
மாடியறையில் நான்
ஓஹையோவில் வழுக்கி விழுந்தவர்களுக்கு எண் போடுகிறேன்.
பனிக்கட்டியில் என்றால் ஒன்று,
குளியல் தொட்டியில் என்றால் வேறு.
வாத்து கடித்தால் தனி எண்,
வாத்து வந்து மோதினால் தனி எண்.
அறுவடை முடிந்த வயலுக்கு
ஆயிரம் வாத்தை ஓட்டிக்கொண்டு வருகிற
பரந்தாமனிடம் சொன்னேன்.
'மோதினாக் கூடவா?' என்றார்.
அன்று முழுக்க வாத்துகளைத் தள்ளியே ஓட்டினார்.

பனியை நான் பார்த்ததில்லை.
மன்னார்குடி மீன் மார்க்கெட்டில்
பெட்டி உடைக்கும்போது காலடியில் சிதறுமே, அதுதான்.
ஆனாலும் மணிக்குப் பன்னிரண்டு சார்ட்,
நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிழை கூடாது.

ஏழு இடங்கள். கடைசியில் ஒரு எழுத்து.
இப்போதுதான் சிகிச்சை என்றால் ஏ.
ஆறிக்கொண்டு வருகிறது என்றால் டி.
ஆறிய பிறகும் மிச்சமிருப்பதற்கு எஸ்.
நடுவில் சொல்ல ஒன்றுமில்லை என்றால்
காலியாக விடக்கூடாது, எக்ஸ் போட வேண்டும்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை
தம்பி இளவழுதி வெண்ணாற்றங்கரைக்கு
மருந்தடிக்கப் போனான். கூலிக்குத்தான்.
நாலு மணிக்கு போன்.
'அண்ணி, மருந்து...' என்றாள் செண்பகவல்லி.
அதற்கு மேல் வரவில்லை அவளுக்கு.
நம் பாஷையில்
மிச்ச வார்த்தையில்தானே எல்லாம் இருக்கிறது.
மருந்து அடித்தான்.
மருந்து ஏறிவிட்டது.
மருந்து குடித்தான்.
புகையானுக்கும் அதே சொல், காய்ச்சலுக்கும் அதே சொல்.

திருவாரூர் மெடிக்கல் காலேஜ்.
கண்பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது.
டூட்டி டாக்டர், சின்னப்பெண்,
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
'குடிச்சாரா, மூச்சுல போச்சா?'
பக்கத்தில் போலீஸ்காரர் நின்றார்,
பார்க்காத மாதிரி.

எனக்குத் தெரியும் அது ஆறாவது இடம்.
ஒன்று, தவறுதலாக.
இரண்டு, தானே.
மூன்று, பிறர்.
நான்கு, தீர்மானிக்க இயலவில்லை.
விதிப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு:
நோக்கம் தெரியாவிட்டால் விபத்து என்றே கொள்க.
பரீட்சைக்குப் படித்தபோது
சோம்பேறிகள் எழுதிய விதி என்று நினைத்தேன்.
அன்றைக்கு
யாரோ இரக்கப்பட்டு எழுதிவைத்துவிட்டுப் போனது போலிருந்தது.

சட்டையில் வாடை இருந்தது. அடித்தாலும் இருக்கும்.
வாயிலும் இருந்தது.
மூக்கில் கட்டும் துண்டு
கொடியிலேயே கிடந்ததென்று செண்பகவல்லி சொன்னாள்.
மறந்திருப்பான்.
வண்டித் தவணைக்காரன்
வெள்ளிக்கிழமை வாசலில் நின்று கத்தியதையும்
அவளேதான் சொன்னாள்.

'தவறுதலாத்தான் மேடம்' என்றேன்.
பேனா எழுதவில்லை.
கையில் இரண்டு கிறுக்கு கிறுக்கிவிட்டு
எழுதிக்கொண்டாள்.

பிழைத்தான். பத்தொன்பது நாள்.
தொண்டையில் துளைபோட்ட தழும்பு
சட்டைப் பொத்தான் அளவு.
டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான்,
ஏதோ குளிருக்கு இதம் தேடுகிறவன் மாதிரி.
நான் கேட்டதில்லை.
அவனும் சொன்னதில்லை.
வருஷம் இரண்டாகிறது.
எஸ் என்று போடவேண்டியது
எங்கள் வீட்டில் டம்ளரோடு நடமாடுகிறது.

நேற்று கென்டக்கியிலிருந்து ஒரு சார்ட்.
ஆண், முப்பத்து நான்கு.
பண்ணை வயல். பூச்சிமருந்து.
நோக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் போக
கேட் திறக்கிற மணி அடித்தது.
லாரிகள் எல்லாம் ஒன்றாக உறுமின.
அந்த ஊர் ஆஸ்பத்திரியில்
யார் கேட்டிருப்பார்கள்,
எந்த அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
வாயைத் திறக்காமலே இருந்துவிட்டாள்?

ஒன்று என்று தட்டினேன்.
பிறகு ஏ.
அடுத்த சார்ட், முழங்கால்.